சுவர்களின் எதிரே எழுந்த பள்ளிகள்

உறைவிடப் பள்ளி என்னும் அமைப்பு இருபுறமும் கூருள்ள வாளைப் போன்றது. பெற்றோரிடமிருந்தும், பிறந்த மண்ணிலிருந்தும், தாய்மொழியின் அன்றாட ஒலியிலிருந்தும் ஒரு குழந்தையைப் பிரித்து, இரவும் பகலும் ஒரே வளாகத்தில் சில ஆண்டுகள் வைத்திருக்கும் ஆசிரியனுக்குப் பகற்பள்ளி ஆசிரியனுக்கு இல்லாத ஆற்றல் ஒன்று வாய்த்துவிடுகிறது. அந்த ஆற்றலால் குழந்தையின் மனத்தை உலகை நோக்கித் திறக்கலாம். அதே ஆற்றலால் அக்குழந்தை கொண்டுவந்த உலகத்தைத் துடைத்தெறியவும் செய்யலாம். இரண்டும் வரலாற்றில் நடந்திருக்கின்றன.

1879இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் என்னும் ஊரில், செவ்விந்தியர் என அந்நாளில் அழைக்கப்பட்ட பழங்குடி மக்களின் பிள்ளைகளுக்காக ஓர் உறைவிடப் பள்ளி தொடங்கப்பெற்றது. பிள்ளைகளின் நீண்ட கூந்தல் வெட்டப்பட்டது, பெயர்கள் மாற்றப்பட்டன, தாய்மொழியில் பேசுவது தடுக்கப்பட்டது. அப்பள்ளி 1918இல் மூடப்பட்டதெனினும் அதன் வழியில் எழுந்த பள்ளிகள் பல. கனடாவில் இத்தகைய பள்ளிகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை நீடித்தன. அந்நாட்டு அரசு 2008ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் தன் பழங்குடி மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கோரிற்று. ஒரு மொழியைக் கொல்வதற்குப் படை வேண்டுவதில்லை, ஒரு விடுதியும் ஒரு பிரம்பும் போதும் என்பதை அப்பள்ளிகள் காட்டிச் சென்றன.

இத்துணைக் கொடுமை இல்லாவிடினும், பிரித்து வைக்கும் நோக்கம் கொண்ட உறைவிடப் பள்ளிகள் வேறு பலவும் உண்டு. இங்கிலாந்தின் புகழ்பெற்ற விடுதிப் பள்ளிகள் பேரரசை ஆளப் போகும் ஒரு வகுப்பாரை வார்த்தெடுத்தன. தமிழகத்தின் கொடைக்கானல் மலையில் 1901இல் தோன்றிய ஹைகிளெர்க் பள்ளி, சமவெளியில் தொண்டாற்றிய அமெரிக்கச் சமயப் பணியாளரின் பிள்ளைகளுக்கென அமைந்தது. பெற்றோர் தமிழ் கற்று ஊர் ஊராகச் சென்றனர். பிள்ளைகளோ மலைமேல் அமெரிக்கக் கல்வி பெற்று அமெரிக்கராகவே வளர வேண்டும் என்பது ஏற்பாடு. அயல்மண்ணில் தம் பண்பாட்டைக் காத்துக்கொள்ள விரும்புவது இயல்பே. எனினும் அதுவும் ஒரு வேலிதான்.

இத்தகைய அமைப்பையே எடுத்துக்கொண்டு, அதன் நோக்கத்தைத் தலைகீழாக மாற்றி, பகை கொண்ட இனங்களின் பிள்ளைகளை ஒரே கூரையின்கீழ் உறங்கச் செய்த ஒரு கல்வி மரபின் வரலாறு இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது. அம்மரபின் பள்ளிகள் இன்று பல நாடுகளில் பெருகியுள்ளன. அவற்றுள் எவை பொருளுடையன, எவை வெறும் பகட்டு என்று பிரித்தறிவதற்கு, அவை தோன்றிய சூழலை அறிதல் இன்றியமையாதது.

கனவும் தொடக்கமும்

இக்கனவைக் கண்டவர்களுள் முன்னவர் ஒரு கவிஞர் என்பது எண்ணி மகிழத்தக்கது. இரவீந்திரநாத் தாகூர் 1901இல் சாந்திநிகேதனத்தில் ஐந்து மாணவர்களுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். முதல் உலகப் போர் முடிந்தபின், உலகம் முழுவதும் ஒரு கூட்டில் வந்து தங்கும் இடமாக அதனை விரிக்க எண்ணி, 1921இல் விசுவபாரதியை நிறுவினார். நாட்டுப்பற்று வெறியாக மாறும்போது மனிதனை விழுங்கிவிடும் என்பதை அப்போரில் கண்ட கவிஞரின் மறுமொழியாக அது அமைந்தது.

அதே காலத்தில் ஐரோப்பாவிலும் ஒரு முயற்சி அரும்பிற்று. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் நாடுகளின் சங்கம் அமைந்ததும், அதன் அலுவலர்கள் பல நாடுகளிலிருந்து குடும்பத்தோடு வந்து தங்கினர். அவர்தம் பிள்ளைகளுக்காக 1924இல் ஜெனீவாப் பன்னாட்டுப் பள்ளி எட்டு மாணவர்களுடன் தொடங்கிற்று. ஆங்கிலமும் பிரெஞ்சும் அங்கு ஒருங்கே வழங்கின. எந்த ஒரு நாட்டின் வரலாற்றையும் நடுவில் வைக்காமல் உலக வரலாற்றைக் கற்பிப்பது எங்ஙனம் என்ற வினா அப்பள்ளி ஆசிரியர்களை வருத்திற்று. பதினைந்து ஆண்டுகளில் நாடுகளின் சங்கம் செயலற்றுப்போய் இரண்டாம் உலகப் போர் மூண்டது. பள்ளி மட்டும் நிலைத்து நின்றது.

எனினும் இவ்விரு முயற்சிகளும் நல்லெண்ணத்தில் பிறந்தவை. பகைவன் வாயிற்படியில் வந்து நிற்கும்போது ஒரு பள்ளி என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி, ஜெர்மனியில் ஒரு பள்ளித் தலைவரின் முன்தான் முதன்முதலில் கூர்மையாக எழுந்தது. அவர் பெயர் குர்ட் ஹான்.

மடாலயத்திலிருந்து ஒரு மடல்

1886இல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஹான். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்றவர். முதல் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலச் செய்தித்தாள்களைப் படித்து ஜெர்மானிய வெளியுறவுத் துறைக்கு அறிக்கை தரும் பணியில் இருந்தார். பகைநாட்டின் மனத்தை அதன் எழுத்தின் வழியே நாள்தோறும் படித்த இந்தப் பயிற்சி, பின்னாளில் அவர் கல்விக் கொள்கைக்கு அடிப்படையாயிற்று எனலாம். பிறகு, பேரரசு ஜெர்மனியின் கடைசித் தலைமை அமைச்சராக விளங்கிய பாடன் இளவரசர் மாக்ஸிடம் செயலாளராக அமர்ந்தார்.

போரில் தோற்ற நாட்டில், அறிவிருந்தும் அஞ்சாமை இல்லாத கல்வியே நாட்டைக் கெடுத்தது என்று இருவரும் கருதினர். கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு அருகே இளவரசர் குடும்பத்துக்கு உரியதாக இருந்த பழைய சிஸ்டெர்சிய மடாலயத்தில் 1920இல் ஒரு பள்ளியைத் தோற்றுவித்தனர். அவ்விடத்தின் பெயர் ஸாலெம். தமிழர் காதுக்குச் சேலம் நகரை நினைவூட்டும் இப்பெயர் விவிலியத்திலிருந்து வந்தது. அமைதி என்னும் பொருள் தருவது. பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகளும் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளும் அங்கு ஒன்றாகப் பயின்றனர். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் தாமஸ் மன்னின் மகனும், பின்னாளில் சிறந்த வரலாற்றாசிரியராக விளங்கியவருமான கோலோ மன் அப்பள்ளியின் மாணவரே.

1932ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மேல் சைலீசியாவில் போடெம்பா என்னும் சிற்றூரில், நாஜிப் படையினர் சிலர் இரவில் ஒரு வீட்டினுள் புகுந்து, கம்யூனிஸ்டுத் தொழிலாளி ஒருவரைத் தாயின் கண்முன்னே அடித்துக் கொன்றனர். நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. ஹிட்லரோ கொலையாளிகளுக்குத் தம் ஆதரவைத் தெரிவித்துத் தந்தி அனுப்பினார். அப்போது ஹிட்லர் ஆட்சிக்கு வரவில்லை. ஆனால் வரப்போகிறார் என்பது பலருக்கும் தெரிந்திருந்தது. அறிஞர் பலர் வாய்மூடி இருந்தனர்.

ஹான் வாய்மூடி இருக்கவில்லை. ஸாலெமில் பயின்று சென்ற பழைய மாணவர்கள் அனைவருக்கும் அவர் ஒரு மடல் விடுத்தார். நாஜிப் படைகளில் செயற்படுவோர் ஸாலெமோடு உள்ள உறவை முறித்துக்கொள்ளவேண்டும், அல்லது ஹிட்லரோடு உள்ள உறவை முறித்துக்கொள்ளவேண்டும் என்பதே அம்மடலின் சாரம். இரண்டிலும் கால் வைத்து நிற்க இடமில்லை என்று ஒரு பள்ளி தன் மாணவர்களுக்குச் சொல்லிற்று. கல்வி வரலாற்றில் இதற்கு ஒப்பான மடல்கள் மிகச் சிலவே.

விலை விரைவில் கொடுக்கவேண்டி வந்தது. 1933 சனவரியில் ஹிட்லர் ஆட்சியேற்றார். மார்ச்சு மாதம் ஹான் சிறைப்படுத்தப்பட்டார். பிரித்தானியத் தலைமை அமைச்சர் ராம்சே மக்டொனால்டு உள்ளிட்டோரின் முயற்சியால் விடுதலை பெற்று, அவ்வாண்டு சூலையில் நாட்டை விட்டு வெளியேறினார். தாம் வளர்த்த பள்ளியும், தம் தாய்மொழியும், தம் மண்ணும் பின்னே நின்றுவிட்டன.

கடலோரக் கோட்டை

பிரித்தானியாவில் ஏதிலியாக வாழ்ந்த ஹான், 1934இல் ஸ்காட்லாந்தின் வடகரையில் கார்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். கடலில் கலம் செலுத்துவதும், கரையோரக் காவல் பணியும் அப்பள்ளியின் கல்வியாயின. அவர் மனத்தில் வேரூன்றிய கருத்து இதுதான்: ஒருவனைப் பிறரோடு இணைப்பது அறிவுரை அன்று, இடரில் உள்ள ஓர் உயிரைக் காக்கச் சேர்ந்து ஓடுவதே இணைக்கும். இதற்கு அவர் எடுத்தாண்ட உவமை விவிலியத்தின் நல்ல சமாரியன் கதை. அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவன் அவனுடைய இனத்தான் அல்லன், அவன் இனம் வெறுத்த வேற்றினத்தான் என்பதில்தான் அக்கதையின் உயிர் இருக்கிறது.

1941இல் வேல்ஸ் நாட்டு அபெர்டோவியில், கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட்டின் துணையோடு, இளம் மாலுமிகளுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. கப்பல் மூழ்கியபின் உயிர்காப்புப் படகில் ஏறிய இளைஞர், முதிய மாலுமிகளைவிட விரைவில் மனமுடைந்து மாண்டனர் என்ற செய்தியே அதற்குத் தூண்டுகோல். உடல் வலிமையைவிட மன உறுதி பெரிது என்னும் பாடம் போர்க்கடலில் எழுதப்பட்டது.

போர் முடிந்து பத்தாண்டு சென்றபின், 1955இல் பாரிஸில் அமைந்திருந்த நேட்டோ பாதுகாப்புக் கல்லூரியில் உரையாற்ற ஹான் அழைக்கப்பெற்றார். பத்தாண்டுக்கு முன் ஒருவரை ஒருவர் கொல்ல முனைந்த நாடுகளின் அதிகாரிகள் அங்கு ஒரே மேசையில் அமர்ந்து பயில்வதை அவர் கண்டார். முதிர்ந்த படைவீரர்க்கு இயன்றது, பதினாறு வயது கடந்த மாணவர்க்கு ஏன் இயலாது? பல்கலைக்கழகத்துக்குச் செல்லுமுன் உள்ள இரண்டு ஆண்டுகளைப் பல நாட்டு இளைஞர் ஒன்றாகக் கழித்தால் என்ன? அக்கல்லூரித் தலைவர் லாரன்ஸ் டார்வாலும் ஹானும் இவ்வெண்ணத்தைப் பற்றிக்கொண்டனர்.

ஏழாண்டு முயற்சிக்குப்பின் 1962 செப்டம்பரில் வேல்ஸ் நாட்டின் தென்கரையில் அட்லாண்டிக் கல்லூரி திறக்கப்பெற்றது. அதற்கு இடமாக அமைந்தது பிரிஸ்டல் கால்வாயை நோக்கி நிற்கும் செயின்ட் டோனட்ஸ் என்னும் பழங்கோட்டை. அமெரிக்கச் செய்தித்தாள் அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் 1925இல் விலைக்கு வாங்கி அணிசெய்து, விருந்துகளுக்கு மட்டும் வந்து சென்ற மாளிகை அது. பிரெஞ்சு வணிகர் அந்தோனின் பெஸ் அதனை வாங்கிக் கல்லூரிக்குக் கொடையாக அளித்தார். முதல் அணியில் சேர்ந்தோர் பன்னிரண்டு நாடுகளைச் சேர்ந்த 56 மாணவர்கள். அவர்கள் வந்து சேர்ந்த அடுத்த மாதமே கியூபா ஏவுகணை நெருக்கடி மூண்டு, உலகம் அணுப்போரின் விளிம்பில் பதின்மூன்று நாள் நின்றது. கல்லூரியின் தேவையை விளக்க வேறு சொற்பொழிவு வேண்டியதில்லை.

முதல் தலைவராக அமைந்த கடற்படை அதிகாரி டெஸ்மண்ட் ஹோர், மாணவரைக் கடற்கரைக் காவல், பாறைமுனை மீட்பு, உயிர்காப்புப் படகு எனப் பணிக்குழுக்களாகப் பிரித்தார். ஆபத்து நிறைந்த அக்கரையில் அலையில் சிக்கியோரை மீட்பது மாணவரின் மெய்யான கடமையாயிற்று. காற்றடைத்த இரப்பர்ப் படகின் அடிப்பகுதி கற்கரையில் கிழிந்து போவதைக் கண்ட அவர்கள், கெட்டியான அடித்தளத்தின்மேல் காற்றுக்குழாயைப் பொருத்திப் பல ஆண்டுகள் சோதித்துப் புதுவகைப் படகு ஒன்றை உருவாக்கினர். இன்று உலகெங்கும் மீட்புப் படையினர் பயன்படுத்தும் அவ்வகைப் படகின் உரிமத்தை ஹோர், பிரித்தானியாவின் உயிர்காப்புப் படகு நிறுவனத்துக்கு ஒரு பவுண்டு விலைக்குக் கொடுத்தார். பன்னாட்டுப் புரிதலின் பயன் என்ன என்று கேட்போர்க்கு, கடலில் மூழ்காது கரைசேர்ந்தோர் விடை கூறுவர்.

எனினும் குறையும் கூறப்பட வேண்டும். அட்லாண்டிக் என்னும் பெயரே உலகின் ஒரு முகாமைச் சுட்டுவது. நேட்டோவின் நிழல் அதில் படிந்திருந்தது. 1967வரை மாணவியர்க்கு அங்கு இடமில்லை. அறுபதுகளின் இறுதியில் மௌண்ட்பேட்டன் பிரபு இம்முயற்சிக்குத் தலைமையேற்றபின், ஐக்கிய உலகக் கல்லூரிகள் என்னும் விரிந்த பெயர் வந்தது. இந்தியாவின் கடைசி ஆங்கிலேய வைசிராயாக இருந்து ஒரு பெருநாட்டின் பிரிவினையை முன்னின்று நிறைவேற்றியவர், தம் முதுமையில் எல்லைகளைக் கடக்கும் பள்ளிகளுக்காக நாடு நாடாகச் சென்று பொருள் திரட்டினார். சிங்கப்பூரில் 1971இல் தொடங்கிய பன்னாட்டுப் பள்ளியும், கனடாவின் மேற்குக் கரையில் 1974இல் தொடங்கிய பியர்சன் கல்லூரியும் அம்முயற்சியின் கனிகள்.

எல்லைக்கு அப்பால் ஒரு மலை

ஹானின் திட்டத்தோடு தொடர்பின்றி, அதே எண்ணம் ஆப்பிரிக்காவில் தானே முளைத்தது. அதன் வரலாறு இன்னும் கூரியது.

தென்னாப்பிரிக்க அரசு 1953இல் பாண்டு கல்விச் சட்டத்தை இயற்றிற்று. கறுப்பினக் குழந்தைக்கு உடலுழைப்புக்கு மேற்பட்ட கல்வி எதற்கு என்பதே அச்சட்டத்தின் உட்கருத்து. கறுப்பர், வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் என மக்கள் நான்காகப் பிரிக்கப்பட்டு, பள்ளிகளும் பிரிக்கப்பட்டன. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் கப்பலேறிச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்களும் இப்பிரிவினையின்கீழ் வாழ்ந்தனர். 1960 மார்ச்சு 21 அன்று ஷார்ப்வில்லில் காவலர் துப்பாக்கிக்கு 69 பேர் இரையாயினர்.

யோகானஸ்பர்க்கில் தலைமையாசிரியராக இருந்த மைக்கேல் ஸ்டெர்ன் என்னும் ஆங்கிலேயர், அந்நாட்டில் எல்லா இனப் பிள்ளைகளும் சேர்ந்து பயிலும் பள்ளியை நடத்த முடியாது என்பதை உணர்ந்தார். ஆகவே எல்லையைக் கடந்தார். அன்று பிரித்தானியப் பாதுகாப்பில் இருந்த சுவாசிலாந்தின் தலைநகர் இம்பபானேயை அடுத்த மலையொன்றில், 1963இல் பதினாறு மாணவர்களுடன் வாட்டர்ஃபோர்டு பள்ளியைத் தொடங்கினார். மொசாம்பிக்கில் வாழ்ந்த போர்ச்சுகீசியக் கட்டடக் கலைஞர் பாஞ்சோ குவேதஸ் அதன் கட்டடங்களை வடிவமைத்தார்.

1967இல் சுவாசிலாந்து மன்னர் இரண்டாம் சொபுசா அப்பள்ளிக்குக் கம்ஃலாபா என்னும் பெயரை வழங்கினார். மண் என்றும் உலகம் என்றும் பொருள் தழுவிய சொல் அது. நிறமும் சமயமும் பிரிக்காத ஓருலகத்து மக்கள் என்பது மன்னரின் கருத்து. அயலார் தொடங்கிய பள்ளிக்கு அம்மண்ணின் மொழியிலேயே பெயர் கிடைத்தது சிறு செய்தியன்று. எந்த மண்ணில் நிற்கிறதோ அந்த மண்ணின் சொல்லை ஏற்காத பன்னாட்டுப் பள்ளி, வானூர்தி நிலையம் போன்றதோர் இடைத்தங்கலாகவே நின்றுவிடும்.

ராபன் தீவுச் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் மகள்கள் செனானியும் சின்சியும் கம்ஃலாபாவில் பயின்றனர். வால்டர் சிசுலு, டெஸ்மண்ட் டுட்டு ஆகியோரின் பிள்ளைகளும் அங்குக் கற்றனர். தந்தை சிறையில், தாய் அரசின் கண்காணிப்பில், மகள் எல்லைக்கு அப்பால் வெள்ளை இனத் தோழியோடு ஒரே அறையில். ஒரு நாட்டின் சட்டம் குற்றம் என்று சொன்னதை, சில மணி நேரப் பயணத்தில் உள்ள ஒரு மலையில் பிள்ளைகள் நாள்தோறும் இயல்பாகச் செய்துவந்தனர். இனங்கள் சேர்ந்து வாழ முடியாது என்ற ஆட்சியாளரின் வாதத்துக்கு, அங்கு நடந்த ஒவ்வொரு காலை உணவும் மறுப்பாக அமைந்தது.

1976 சூனில் சொவெட்டோ மாணவர், ஆப்பிரிக்கான்சு மொழியில் பாடம் கற்பிக்கும் ஆணையை எதிர்த்து எழுந்தபோது, தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் போர்க்களமாயின. பிள்ளைகள் உயிரீந்தது மொழிக்காகவும்தான். கம்ஃலாபா 1981இல் ஐக்கிய உலகக் கல்லூரிகளோடு இணைந்தது. 1995இல் அவ்வியக்கத்தின் தலைமையை ஜோர்தான் அரசி நூரோடு சேர்ந்து மண்டேலா ஏற்றார். சிறையில் இருந்த தந்தையின் பிள்ளைகளை வரவேற்ற பள்ளிக்கு, நாட்டின் தலைவராகிய தந்தை செலுத்திய நன்றி அது. சுவாசிலாந்து 2018இல் எஸ்வாத்தினி எனப் பெயர் மாறிற்று. கம்ஃலாபா என்ற பெயர் மாறவில்லை.

மொழி என்னும் கேள்வி

பல நாட்டு மாணவர் சேர்ந்து பயில்வதாயின், எந்த நாட்டுப் பாடத்திட்டத்தைப் பயில்வது? ஜெனீவாவில் 1968இல் அமைந்த பன்னாட்டு மேனிலைக் கல்வி அமைப்பு இவ்வினாவுக்கு விடை தேடிற்று. ஆங்கிலக் கல்வியாளர் அலெக் பீட்டர்சன் அதன் முதல் தலைமை இயக்குநர். இங்கிலாந்தின் தேர்வுமுறையைக் கைவிட்டு, 1971இல் இப்பட்டயத் திட்டத்தை முழுவதும் ஏற்ற முதற்பள்ளி அட்லாண்டிக் கல்லூரியே. தமிழகத்தின் தொடர்பும் இங்கு வருகிறது. எழுபதுகளில் கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி எனப் பெயர் பெற்ற பழைய ஹைகிளெர்க் பள்ளி, 1976இல் இந்தியாவிலேயே முதலாவதாக இத்திட்டத்தை மேற்கொண்டது. வேலியாகத் தொடங்கிய பள்ளி வாயிலாக மாறியது.

இலக்கியம் போற்றுவோர் கருதத்தக்க கூறு ஒன்று இத்திட்டத்தில் உண்டு. மாணவர் ஒவ்வொருவரும் தமக்குச் சிறப்பாக வரும் மொழியின் இலக்கியத்தை முதற்பாடமாகப் பயிலவேண்டும்; அதனோடு பிறமொழி இலக்கியங்களை மொழிபெயர்ப்பில் கற்கவேண்டும். அம்மொழிக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியிலும், மாணவர் வழிகாட்டுதலோடு தாமே பயின்று தேர்வெழுத இடமளிக்கப்பட்டது. கார்லைலில் பிரம்பால் அடக்கப்பட்ட தாய்மொழி, இங்குப் பாடத்திட்டத்தின் தலைவாயிலில் நிறுத்தப்பட்டது. தன் மொழியின் கவிதையை அறியாதவன் பிறர்க்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் வருகிறான். பெறுவதையும் வைக்க அவனிடம் கலம் இல்லை.

ஆயினும் நடைமுறை வேறு. உணவுக்கூடத்திலும் விளையாட்டுத் திடலிலும் நட்பிலும் ஆங்கிலமே ஆட்சி செலுத்துகிறது. ஆங்கிலம் வீட்டுமொழியாக உள்ளவன் நகைச்சுவை பேசுகிறான். மற்றவன் சொல் தேடுகிறான். ஆண்டுக்கொரு நாள் நாட்டுடை அணிந்து நடனமாடுவதோடு ஒரு பண்பாடு முடிந்துவிட்டதாகக் கருதப்படும் பள்ளிகளும் உள்ளன. சமமில்லாத மொழியில் நடக்கும் உரையாடலைப் புரிதல் என்று சொல்லிவிடுதல் எளிது. இக்குறையை இம்மரபு இன்னும் முழுமையாகத் தீர்த்துவிடவில்லை.

துயினோவும் மோஸ்தாரும்

1946இல் சர்ச்சில், பால்டிக் கடல் முதல் டிரியெஸ்டு வரை இரும்புத்திரை விழுந்துவிட்டது என்று பேசினார். அந்த டிரியெஸ்டுக்கு அருகே, யுகோசுலாவிய எல்லையை ஒட்டிய துயினோ என்னும் சிற்றூரில், 1982இல் அட்ரியாட்டிக் கல்லூரி தொடங்கப்பெற்றது. இத்தாலியரும் சுலோவீனியரும் கலந்து வாழும் ஊர் அது. கவிஞர்களுக்குத் துயினோ புதிய பெயரன்று. ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே 1912இல் அவ்வூர்க் கோட்டையில் விருந்தினராகத் தங்கியிருந்தபோது தொடங்கிய இரங்கற்பாக்கள் அவ்வூரின் பெயராலேயே வழங்குகின்றன. தொடங்கிய பாடல்களை முடிக்க அவருக்குப் பத்தாண்டு பிடித்தது. இடையில் வந்தது உலகப் போர். திரையின் ஓரத்தில் அமைந்த அக்கல்லூரி, கிழக்கு ஐரோப்பிய மாணவர்க்கும் வாயில் திறந்தது. ஏழாண்டுக்குப்பின் பெர்லின் சுவர் வீழ்ந்தது.

ஆனால் சுவர்கள் வீழ்ந்த இடத்திலேயே வேறு சுவர்கள் எழுந்தன. யுகோசுலாவியா சிதறியபோது, பாசுனியாவின் மோஸ்தார் நகரம் இரண்டாகப் பிளந்தது. நெரேத்வா ஆற்றின்மேல் நானூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற கற்பாலம் 1993 நவம்பர் 9 அன்று பீரங்கிக் குண்டுகளால் தகர்க்கப்பட்டது. போர் ஓய்ந்தபின்னும் பள்ளிகள் சேரவில்லை. ஒரே கட்டடத்தில் இரு இனப் பிள்ளைகளும் தனித்தனிப் பாடத்திட்டத்தில் பயிலும் முறை பல ஊர்களில் நிலைபெற்றது. அவர்கள் பேசுவன மொழிபெயர்ப்பின்றி ஒருவர்க்கொருவர் விளங்குவனவே. மொழியின் பெயர் மட்டும் வேறாகிவிட்டது.

பாலம் 2004இல் மீண்டும் கட்டப்பட்டது. கல்லால் ஆன பாலத்தைக் கல்லால் கட்டிவிடலாம். மற்றதைக் கட்டுதற்கு 2006இல் மோஸ்தார்க் கல்லூரி, போரில் சிதைந்து செப்பனிடப்பெற்ற பழைய உயர்நிலைப்பள்ளிக் கட்டடத்திலேயே தொடங்கிற்று. அந்நாட்டின் மூவின மாணவரும் வெளிநாட்டு மாணவரும் அங்கு ஒரே வகுப்பில் அமர்ந்தனர். தம் மொழியில் ஒருவரோடொருவர் பேசாதிருந்த இளைஞர், ஆங்கிலம் என்னும் அயல்மொழியில் பேசத் தொடங்கினர். இது வெற்றியா துயரமா என்று ஒரு சொல்லில் தீர்ப்புக் கூற இயலாது. இரண்டும்தான்.

விலையும் மதிப்பும்

ஹான் முதுமையில் ஜெர்மனிக்குத் திரும்பி, 1974இல் ஸாலெமுக்கு அருகிலேயே மறைந்தார். 2014இல் பிரைபுர்க் நகரத்துப் பழைய மடாலயம் ஒன்றில் இவ்வியக்கத்தின் கல்லூரி திறக்கப்பெற்றது. துரத்தப்பட்டவரின் எண்ணம், துரத்திய நாட்டுக்கே விருந்தாகத் திரும்பி வந்தது. இந்தியாவில் புனேயை அடுத்த மலையொன்றில் 1997 முதல் ஒரு கல்லூரி இயங்குகிறது. இயக்கத்தின் கல்லூரிகள் இன்று பதினெட்டு. நாடுகள்தோறும் அமைந்த குழுக்கள் மாணவரைத் தேர்ந்தெடுக்கின்றன. பலர் உதவித்தொகையில் பயில்கின்றனர்.

இவ்வியக்கத்துக்கு வெளியேயும், பன்னாட்டுப் பள்ளி என்னும் பலகை பெருநகரங்கள்தோறும் தொங்குகிறது. அவற்றுட் பலவற்றில் பன்னாட்டுத் தன்மை என்பது கட்டணத்திலும் கட்டடத்திலும் அமைந்துவிடுகிறது. பல நாட்டுச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் ஒன்றாகப் பழகுவதில் தவறில்லை. ஆனால் அவர்கள் ஒருவருக்கொருவர் ஏற்கெனவே அயலார் அல்லர், ஒரே வகுப்பினர். வாயிற்காவலரின் மொழியும் சமையற்காரரின் மொழியும் அறியாமல் ஐந்து கண்டங்களைப் பற்றிப் பேசும் கல்வி, உள்ளூரிலேயே ஒரு புதுச் சுவரை எழுப்பிவிடுகிறது. ஹானின் வழிவந்த கல்லூரிகளும் இக்குற்றச்சாட்டிலிருந்து முற்றும் விலகியவை அல்ல.

மேற்கூறிய வரலாற்றில் ஒன்று தெளிவாகிறது. ஸாலெம் பெயர் பெற்றது அதன் மடாலயத்தால் அன்று. 1932இல் எழுதிய ஒரு மடலால். கம்ஃலாபா பெயர் பெற்றது அதன் மலைக்காட்சியால் அன்று. அருகிலிருந்த சட்டம் பிரித்த பிள்ளைகளைச் சேர்த்ததால். மோஸ்தார்க் கல்லூரி வேறொரு நகரில் அமைந்திருந்தால் மற்றுமொரு நல்ல பள்ளி. மோஸ்தாரில் அமைந்ததால் வரலாறு. பண்பாடுகளிடைப் புரிதல் என்பது காற்றில் வளரும் கொடியன்று. தன் காலத்தின், தன் ஊரின் குறிப்பிட்டதொரு பகையை எதிர்நோக்கி நிற்கும்போதே அது வேர்கொள்கிறது. அப்படி நிற்பதற்கு எவரேனும் விலை கொடுத்திருக்கிறார்.

ஆகவே ஒரு பன்னாட்டுப் பள்ளியை அளக்க விரும்புவோர், அங்கு எத்தனை நாட்டுக் கொடிகள் பறக்கின்றன என்று எண்ணுவதோடு அமையலாகாது. அப்பள்ளி நிற்கும் ஊரில் யார் யாரோடு சேர்ந்து உண்ணாமல் இருக்கிறார்கள், அவர்களுள் எத்தனை பேர் அதன் உணவுக்கூடத்தில் அருகருகே அமர்கிறார்கள் என்று கேட்கவேண்டும். வந்த மாணவன் தன் மொழியின் கவிதையைச் சொல்ல ஒரு பொழுதும், அதனைக் கேட்க ஒரு செவியும் அங்கு உண்டா என்று கேட்கவேண்டும். வெறுப்பு ஆட்சிக்கு வரும் நாளில், தன் பழைய மாணவர்க்கு மடல் எழுதும் துணிவு அதன் தலைவருக்கு உண்டா என்பது கடைசிக் கேள்வி. அதற்கு விடையை முன்கூட்டியே எந்தப் பள்ளியும் எழுதிவைக்க இயலாது. அந்நாள் வரும்போதுதான் தெரியவரும்.